கிண்டர்கார்டன் முதல் பால்வாடி வரை: ஒரு சொல்லாக்க வரலாறு

விளையாட்டின் வழியே குழந்தை கற்கிறது என்னும் கொள்கை இந்தியாவிற்கு வந்த வரலாறு, கல்வி வரலாறு மட்டுமன்று. மொழிபெயர்ப்பு வரலாறும் ஆகும். நிறுவனத்தின் பெயர் மொழிக்கு மொழி மாறுகையில் எப்பொருள் எஞ்சுகிறது, எப்பொருள் நழுவுகிறது என்பதை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய முற்படுகிறது.

ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் (1782-1852), 1837இல் பிளாங்கன்பர்க்கில் தாம் தொடங்கிய நிறுவனத்திற்கு 1840இல் ‘கிண்டர்கார்டன்’ எனப் பெயரிட்டார். குழந்தைகளுக்குரிய தோட்டம், குழந்தைகளே செடிகளாய் வளரும் தோட்டம் என இத்தொகைச்சொல் இருவகையாக விரியும். பந்து, உருளை, கனசதுரம் முதலிய விளையாட்டுப் பொருள்களை அவர் ‘கொடைகள்’ என்றே அழைத்தார். பிரஷ்ய அரசு 1851இல் இப்பள்ளிகளைத் தடைசெய்து 1860இல் தடையை நீக்கியது. இதனிடையே சொல் எல்லை கடந்தது. பிரெஞ்சும் ரஷ்யமும் அதனை மொழிபெயர்த்துக்கொண்டன. ஆங்கிலம் கடனாக ஏற்றது.

இந்தியாவில் கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் ‘பாலமந்திர்’ தொடங்கினார். மாண்டிசோரி முறையோடு கதையையும் பாட்டையும் நாடகத்தையும் அவர் இணைத்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945இல் போர்டியில் தொடங்கிய பணியின்வழிப் ‘பாலவாடி’, ‘அங்கன்வாடி’ என்னும் பெயர்கள் பரவின. ‘அங்கன்’ என்பது முற்றம். ‘வாடி’ என்பதற்குக் குஜராத்தியிலும் மராத்தியிலும் தோட்டம் என்னும் பொருள் உண்டு. ஆதலின் ‘பாலவாடி’ ஃப்ரோபெலின் சொல்லுக்கு மிக அணுக்கமானது எனலாம்.

தமிழில் அது ‘பால்வாடி’ ஆயிற்று. அடைச்சொல்லின் ஈற்றுயிர் கெட்டதும் ‘பாலர்’ மறைந்து பருகும் பால் முன்வந்தது. ‘வாடி’ விறகுவாடியை நினைவூட்டிற்று. தோட்டம் முற்றிலும் நழுவியது. ‘எல்.கே.ஜி.’ என்னும் சுருக்கத்திலோ மூலச்சொல்லின் ஈரெழுத்துகளே எஞ்சின. ‘மழலையர் பள்ளி’ குழந்தையை அதன் பேச்சால் சுட்டும் அழகிய ஆக்கமே. எனினும் ‘பள்ளி’ என்றதும் பலகையும் எழுத்துமே இன்று மனத்தில் எழுகின்றன. மூன்று வயதுக் குழந்தையை எழுத வற்புறுத்துவதற்குச் சொல் மட்டும் காரணமன்று. ஆயினும் பெயரில் ஆடல் இல்லாதபோது, ஆடும் குழந்தை நேரத்தை வீணாக்குவதாகப் பெற்றோர்க்குத் தோன்றுவது எளிது. ‘விளையாட்டாக’ என்னும் வினையடையே பொறுப்பின்மையைக் குறிப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

3 முதல் 8 வயது வரைக்குமான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் (2022) விளையாட்டைக் கற்றலின் மையத்தில் வைக்கிறது. அதனைத் தமிழாக்குவோர் முன்னுள்ள பணி கலைச்சொல் காண்பதோடு முடிவதன்று. ‘விளையாட்டு’ என்னும் சொல்லுக்கு அதன் மதிப்பை மீட்டுத் தருவதுமாகும். தொல்காப்பிய உரியியல் ‘பண்ணை’ என்னும் சொல்லுக்கு விளையாட்டு எனப் பொருள் கூறுகிறது. அச்சொல்லே இன்று பயிர் வளரும் நிலத்தைக் குறிக்கிறது. ஃப்ரோபெல் இணைக்க விரும்பிய ஆடலும் தோட்டமும் தமிழில் ஒரே சொல்லின் வரலாற்றில் முன்னரே அடங்கியுள்ளன. பெயரை மாற்றுக என்பது இதன் கருத்தன்று. மொழிபெயர்ப்பாளர் தேடும் பொருள் தம் மொழிக்குப் புதிதன்று என்பதே கருத்து.