பாக்டீரிய உயிரணு

தாவர உயிரணுவுக்கும் பிராணி உயிரணுவுக்கும் உரிய சில அம்சங்களைக் கொண்டிருந்தும் அவ்விரு வர்க்கத்திலும் அடங்காத அமைப்புடையது பாக்டீரியா. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹூக், தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே தம் பல்லழுக்கில் நெளிந்த ஜீவன்களைக் கண்டு 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியபோது, அவற்றைச் சிறு பிராணிகள் என்றே கொண்டார். அசைவது பிராணி என்னும் அக்கால நியாயப்படி அது பிழையன்று. 1872-இல் ஃபெர்டினாண்டு கோன், நீலப்பச்சைப் பாசியோடு அவற்றுக்குள்ள ஒற்றுமையைக் கண்டு, தாவரங்களோடு சேர்த்தார். அப்பாசியே பாக்டீரியா என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

இக்குழப்பத்திற்குச் சுவரும் ஒரு காரணம். பிராணி உயிரணுவுக்கு மெல்லிய சவ்வன்றிச் சுவரில்லை; தாவரத்தின் சுவர் செல்லுலோஸால் ஆனது; பாக்டீரியாவின் சுவரோ, சர்க்கரைச் சங்கிலிகளைக் குறுகிய அமினோ அமிலத் தொடர்கள் குறுக்கே பிணைத்த வலை. 1884-இல் கிராம் வகுத்த சாயமுறையில், இவ்வலை தடித்திருக்கும் இனங்கள் ஊதா நிறத்தைப் பற்றிக்கொள்ள, மெலிந்திருப்பவை இழந்துவிடுகின்றன. பெனிசிலின் இவ்வலை பின்னப்படுவதைத் தடுப்பதால், பாக்டீரியா உள்ளழுத்தம் தாங்காது வெடிக்கிறது. சுவரே இல்லாத நம் உயிரணுக்களுக்கு அதனால் தீங்கில்லை.

எனினும் தலையாய பேதம் உட்கருவில் உள்ளது. 1831-இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களில் உட்கருவைக் குறிப்பிட்டார். பின்னர் ஷ்லைடன் தாவரங்களையும் ஷ்வான் பிராணிகளையும் உயிரணுக் கொள்கையின் கீழ்க் கொணர்ந்தனர். பாக்டீரியாவில் மட்டும் அத்தகைய உட்கரு தென்படவில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின், ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள டி.என்.ஏ. இழை, சவ்வுறை ஏதுமின்றி, இரண்டு மைக்ரான் நீளமே உள்ள ஈ. கோலை உயிரணுவுக்குள் சுருண்டு கிடப்பது தெரிந்தது. உட்கருச் சவ்வின்மையையும், மைட்டோகாண்டிரியா, பசுங்கணிகம் போன்ற உள்ளுறுப்புகள் இன்மையையும் கொண்டு, 1962-இல் ஸ்டேனியரும் வான் நீலும் பாக்டீரியாவுக்கு இலக்கணம் வகுத்தனர்.

இல்லையென வகுக்கப்பட்ட அவ்வுறுப்புகளின் பூர்வீகமே பாக்டீரியா என்பதுதான் விந்தை. 1905-இல் மெரஷ்கோவ்ஸ்கி பசுங்கணிகத்தைப் பற்றிக் கூறியதும், நெடுங்காலம் பரிகசிக்கப்பட்டதுமான இக்கருத்தை, 1967-இல் லின் மார்குலிஸ் மைட்டோகாண்டிரியாவுக்கும் விரித்துரைத்தார். இவை தமக்கெனத் தனி டி.என்.ஏ.யும், பாக்டீரியாவினுடையதை ஒத்த ரைபோசோமும் உடையவை. பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்கும் குளோராம்ஃபெனிக்கால், நம் மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோமையும் தடுத்து, எலும்பு மச்சையில் இரத்த உற்பத்தியைக் குன்றச் செய்வது இவ்வுறவினாலேயே.