மாத்திரை முடிந்ததும் பேரை அடித்தோம்

நான் தொழுநோய்க் களப்பணியாளனாகச் சுற்றியதெல்லாம் துடியலூர் வட்டாரம்தான். வெள்ளக்கிணறு, இடிகரை, தடாகத்துச் செங்கல் சூளைகள் என்று வீடு வீடாகப் போய், முதுகில் இருக்கும் தேமலைப் பேனா முனையால் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்போம். முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்போம். "ஏனுங்க, வலியே இல்லாத தேமலுக்கு எதுக்குங்க மாத்திரை?" என்பார்கள். வலி தெரியாததே நோயின் அடையாளம் என்று புரியவைப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிடும்.

1946இல் செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் சல்போன் மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார். அதன்பின் நெடுங்காலம் அந்த வகையைச் சேர்ந்த டாப்சோன் ஒன்றே மருந்து. பலர் அதை ஆயுள் முழுக்க விழுங்கினார்கள். பதிவேட்டில் ஏறிய பேர் இறங்கவே இறங்காது. 1983இல் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது இந்தியாவில் 10,000 பேருக்கு 57.8 நோயாளிகள் என்று கணக்கு.

பல மருந்துகளைச் சேர்த்துக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் கூட்டு மருந்து வந்ததும் பதிவேட்டைச் சலித்தோம். இறந்தவர், ஊர் மாறியவர், மருந்து முடித்தவர் எல்லார் பேரையும் அடித்தோம். செய்ய வேண்டிய வேலைதான் அது. சிகிச்சை தேவைப்படுகிறவரே நோயாளி என்று 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் வரையறுத்தது. 1991இல் ஜெனீவாவில் இலக்கு வைத்தார்கள்: 2000க்குள் ஏட்டில் இருப்போர் 10,000 பேருக்கு ஒன்றுக்கும் கீழே.

இனி வருவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பகுதியில் ஆண்டுக்கு 100 பேருக்குக் கிருமி மிகுந்த வகை நோய் புதிதாகத் தெரியவருகிறது. 24 மாதச் சிகிச்சை என்றால் எந்த நாளில் எண்ணினாலும் ஏட்டில் சுமார் 200 பேர். 1998 வாக்கில் சிகிச்சை 12 மாதமாகக் குறைந்தது. அதே 100 பேர்தான் புதிதாக வருகிறார்கள், ஏட்டிலோ பாதி. ஒற்றைத் தேமல்காரர்களுக்குச் சில காலம் ஒரே வேளை மருந்து கொடுத்தோம். அவர்கள் பேர் அன்றைக்கே முடிந்தது, ஆண்டுக் கடைசிக் கணக்கில் வரவே வராது.

2005 டிசம்பரில் நாடு ஒன்றுக்குக் கீழே போனது. வீடு வீடாகத் தேடுவதும் அடங்கிப்போனது. ஆனாலும் அடுத்த பத்தாண்டும் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 2016இல் மறுபடி வாசல் வாசலாகத் தேடியபோது சில வாரங்களில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் அகப்பட்டார்கள்.

நோய் குறைந்தது பொய் என்று நான் சொல்லமாட்டேன். கூட்டு மருந்து குணப்படுத்துகிறது, கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் ஏட்டில் எத்தனை பேர் என்பதை வைத்து நோயை அளக்காதீர்கள். புதிதாக வருகிறவர்களில் குழந்தைகள் எத்தனை, விரல் மடங்கிய பிறகு வந்தவர்கள் எத்தனை என்று கேளுங்கள். குழந்தைக்கு நோய் என்றால் அக்கம்பக்கத்தில் மருந்து சாப்பிடாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைத் தேடிப் போக ஆள் வேண்டும்.

மருந்து முடித்தவர்களையும் எண்ண வேண்டும். மரத்த பாதத்தில் முள் தைத்தால் தெரியாது, பல வருடம் கழித்தும் புண் வைக்கும். அந்தப் பாதத்தைக் காக்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுக்க நாங்கள் அவர்களுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தோம். அந்த நோட்டு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும்.