'ஒரு மாதிரி': தமிழ்த் திரையில் பெயர் பெற்ற குழந்தையும் பெயரற்ற பெரியவரும்

மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ ஒருவரைப் பற்றி "அவன் ஒரு மாதிரி" என்று வீட்டார் சொல்லிவிட்டால், மேற்கொண்டு விளக்கம் கேட்பவர் இல்லை. கல்யாணப் பந்தி முடிவதற்குள் மொட்டைமாடிக்கு ஒதுங்கிவிடும் சித்தப்பா, பேருந்துத் தட எண்கள் அத்தனையும் ஒப்பிக்கும் அத்தை மகன், கேலி புரியாமல் நேர்ப்பதில் சொல்லும் அலுவலக நண்பர் ஆகிய எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா ஆகியவற்றை மூளை இயங்கும் விதங்களின் வேறுபாடாகப் பார்க்கும் 'நரம்பியல் பன்மை' என்ற கருத்து பிற்பாடு வந்தது. இங்கே நான் முன்வைப்பது இது: தமிழ்ப் படம் இவ்வேறுபாட்டுக்குப் பெயர் சூட்டும்போது குழந்தையையோ குழந்தையாக்கப்பட்ட பெரியவரையோ காட்டுகிறது, 'ஒரு மாதிரி' என்றே வளர்ந்துவிட்டவர் தம்மைக் கண்டுகொள்ள இடம் தருவது பெயர் சூட்டப்படாத பாத்திரங்கள்.

இந்தப் பிளவு சினிமாவில் தொடங்கியதல்ல. 1985இல் தொடங்கி இன்று வித்யாசாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்கும் நிறுவனமும், 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் முதலில் கைகொடுத்தது குழந்தைகளுக்கு. ஆட்டிசம் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் சேர்ந்தது. அதற்கு முன்பே பள்ளியை முடித்துவிட்டவர்களுக்குப் பெயர் வைக்க யாருமில்லை.

திரையிலும் அதே வரிசைதான். 'அஞ்சலி' (1990) மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒருத்தியைச் சுற்றியிருப்போர் மனம் கனிவதன் கதை; கனியவைத்துவிட்டு அவள் இறந்துபோகிறாள். 'தெய்வத்திருமகள்' (2011) பெரியவர் ஒருவரைக் குழந்தை மனத்தவராக்கித்தான் நம் அன்பைக் கோருகிறது. ஜி.என்.ஆர். குமாரவேலனின் 'ஹரிதாஸ்' (2013) இவற்றைவிட நேர்மையானது. மகன் ஹரியோடு வகுப்பில் உட்காரும் காவல்துறைத் தந்தை, பொறுமையாகக் கற்றுக்கொள்ளும் ஆசிரியை அமுதவல்லி என ஆட்டிசத்தை அது அன்றாடத்துக்குள் வைத்தது. எத்தனையோ பெற்றோருக்கு அது துணை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த வகுப்பறை ஹரிக்கு எப்படிக் கேட்டது, எப்படிக் கூசியது என்பதைப் படம் சொல்வதில்லை. நாம் தந்தையின் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறோம்.

இனி 'அந்நியன்' (2005). திருவல்லிக்கேணி வழக்கறிஞர் அம்பிக்குப் படம் வைக்கும் பெயர் பன்முக ஆளுமைக் கோளாறு. ஆனால் அந்தப் பெயர் அவனுக்குள் இருக்கும் மற்ற இரு ஆளுமைகளை, தண்டிக்கும் அந்நியனையும் காதல் நாயகன் ரெமோவையும், விளக்கத்தான் பயன்படுகிறது. அம்பியின் சுபாவத்துக்குப் பெயரே இல்லை. விதி எழுதப்பட்டிருக்கிறது, ஏன் எவரும் அதன்படி நடப்பதில்லை என்ற கேள்வி அவனுக்கு உடல்வலி போன்றது. அவன் காதலிக்கும் நந்தினி வாங்கும் மனையின் மதிப்பைப் பத்திரத்தில் குறைத்துக் காட்ட ஏற்பாடாகும்போது, காதலை இழக்கும் அபாயத்திலும் அவன் ஒத்துக்கொள்வதில்லை. ஊரே ஏற்றுக்கொண்ட சின்னப் பொய் ஒருவனுக்கு மட்டும் தொண்டையில் இறங்க மறுக்கிறது. அந்தத் தனிமையைத் தமிழ் சினிமா இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

அம்பியின் ஒழுங்கைச் சாதிய ஒழுங்காகவும், அந்நியன் வழங்கும் கருட புராணத் தண்டனைகளை அதன் வன்முறையாகவும் வாசிக்கும் விமர்சனம் உண்டு. அது சரியான விமர்சனம். தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு வாய்க்கிறது என்று கேட்காமல் இப்படத்தைப் படிக்க முடியாது. ஆனால் தண்டிப்பவன் அந்நியன். சிரிப்புக்கு ஆளாகிறவன் அம்பி. இருவரையும் ஒன்றாக்கினால், சிரிக்கப்பட்டவனின் அனுபவம் ஆய்வுக்கு வெளியே போய்விடுகிறது. படமும் அதைத்தான் செய்கிறது. நந்தினியின் மனத்தைக் கவர ரெமோ என்ற பளபளப்பு வேண்டியிருக்கிறது. சிகிச்சை முடிந்து வெளியே வரும் அம்பி நெளிவுசுளிவு கற்றவனாக வருகிறான். இயல்பை மறைத்து வாழப் பழகியவர்களுக்கு ரெமோவின் களைப்பு நன்றாகத் தெரியும்.

நெல்சனின் 'டாக்டர்' (2021) இதைத் திருப்பிப் போடுகிறது. ராணுவ மருத்துவர் வருணின் குரலில் ஏற்ற இறக்கமில்லை, முகத்தில் அசைவில்லை, சொல்வதில் பூச்சில்லை. உணர்ச்சியே இல்லாதவன் என்று நிச்சயித்த கல்யாணத்தைப் பத்மினி நிறுத்திவிடுகிறாள். பத்மினி வீட்டுக் குழந்தை கடத்தப்பட்டதும், அவளைத் தேட அதே குடும்பம் அவனுடைய அந்தத் தட்டையான நிதானத்தைத்தான் நம்பிப் பின்தொடர்கிறது. வருண் மாறியாக வேண்டும் என்று படம் கேட்பதில்லை. சுற்றியிருப்பவர்கள்தான் அவனைப் படிக்கக் கற்கிறார்கள்.

பெயரில்லாத பாத்திரத்துக்கு நாமே நோய்ப்பெயர் ஒட்டுகிறோமா என்று கேட்கலாம். தன்னை அடையாளம் காண்பது வேறு, மருத்துவ முடிவு சொல்வது வேறு. அப்படி அடையாளம் காண்பவர் முழுப்படத்தையும் ஏற்க வேண்டியதில்லை. பத்திரப் பதிவுக் காட்சி வரை அம்பியோடு போய் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முதல்நாள் அரங்கின் விசிலும் அதிர்வும் தாங்காதவர் வீட்டில் ஒலியைக் குறைத்து, பிடித்த அந்த ஒரு காட்சியை மட்டும் நாற்பது முறை பார்க்கலாம். நம் மொழியில் இத்தகையவருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வடிவேலு வசனங்களைக் கொண்டே சம்மதமும் சலிப்பும் சொல்லிக்கொள்ளும் சமூகம் இது. இரவல் வாக்கியத்தால் மட்டுமே மனத்தைச் சொல்ல முடிகிறவரின் பேச்சு, வேறெங்கும் அறிகுறியாகக் குறிக்கப்படக்கூடியது, தி. நகர் டீக்கடை வாசலில் சாதாரணப் பேச்சாகவே கடந்துபோகிறது.