பாசிமணியும் ஒரு பாஷையும்: ஆவடியிலிருந்து ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஆவடி என்றதும் பலருக்கு டாங்க் ஃபாக்டரி நினைவுக்கு வரும். வயதானவர்களுக்கு 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். "சோஷலிச பாணி சமுதாயம்" என்ற தீர்மானம் நிறைவேறியது இந்த மண்ணில்தான். அதே ஆவடியில், பருத்திப்பட்டு பக்கம், நரிக்குறவர் குடும்பங்கள் நீண்ட காலமாக வாழ்கின்றன. ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் பாசிமணி, ஊசிமணி விற்கும் அவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் பேசும் மொழியை எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம்?

அந்த மொழியின் பெயர் வாக்ரி போலி. அது தமிழின் கிளைமொழி அல்ல, திராவிட மொழியும் அல்ல. குஜராத்தி, ராஜஸ்தானி மொழிகளோடு உறவுள்ள இந்தோ ஆரிய மொழி. 1970-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இந்த மொழியைப் பற்றி ஜி. சீனிவாச வர்மா எழுதிய நூலை வெளியிட்டது. வடமேற்கிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் தெற்கே வந்தவர்கள், வீட்டுக்குள் இந்த மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வெளியில் நம்மோடு பேசுவதற்குத் தமிழ். அந்தத் தமிழைத்தான் நம் சினிமா எத்தனையோ முறை கேலிக்கு எடுத்துக்கொண்டது.

வேட்டைதான் அவர்களின் பழைய தொழில். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வழி அடைபட்டது. ஏற்கெனவே கையில் இருந்த மணி கோர்க்கும் வேலையே முழுப் பிழைப்பானது. காடு போனது, கம்பியும் நூலும் மிஞ்சின.

இப்போது என் கதை. தொண்ணூறுகளில் என் மூன்றாம் வகுப்பில் ஒரு நரிக்குறவர் சிறுமி இருந்தாள். மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. "மந்தம்" என்று என் கையாலேயே எழுதினேன். ஒருநாள் கணக்குப் பாடத்துக்குப் புளியங்கொட்டைகளைக் கொட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்துவிட்டாள். வீட்டில் மணி எண்ணிப் பழகிய விரல்கள்! அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது, என் பாஷைதான் தெரியவில்லை. எனக்கு அவள் பாஷை தெரியவில்லை என்பதை மட்டும் நான் எங்கும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்கு வரவில்லை.

ஓய்வு பெற்ற பின், நாங்கள் சில தோழிகள் சேர்ந்து ஒரு விழாவுக்கு 100 மணிமாலை செய்து தரச் சொல்லி ஒரு நரிக்குறவர் பாட்டியிடம் கேட்டோம். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், பத்து நாளில் வேணும், மாலைக்கு நாற்பது ரூபாய்" என்றோம். "சரி சாமி" என்றார். பத்தாம் நாள் வந்தவை 60 மாலைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். எங்களுக்குக் கோபம். அப்போது கூட வந்த பேத்தி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், பாட்டி 'சரி'ன்னு சொன்னது, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். முடியும்னு சொல்லலை. ஒரே கலர்ல நூறு மாலைக்கு மணி வாங்கப் பணம் இல்லை."

அன்று சாயங்காலம் தரையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையே கணக்குப் போட்டாள். மணி, நூல், கொக்கி, பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து மாலைக்கு 18 ரூபாய். மிச்சம் 22. ஒரு மாலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை. ஒரு மணி நேரத்துக்கு 22 ரூபாய் கூட இல்லை! பேரம் பேசாமல் வாங்கியதால் நியாயமாக நடந்தோம் என்று நினைத்தவர்கள் நாங்கள்.

இதைத்தான் உலகம் "நியாய வணிகம்" என்று பேசிக்கொண்டிருக்கிறது. 1946-ல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி, போர்ட்டோ ரிக்கோவில் பெண்கள் செய்த பூவேலைத் துணிகளை வாங்கித் தன் ஊரில் விற்கத் தொடங்கினார். அந்த முயற்சிதான் பின்னாளில் 'டென் தௌசண்ட் வில்லேஜஸ்' என்ற பெரிய அமைப்பானது. இன்று உலக நியாய வணிக அமைப்பு வகுத்துள்ள பத்துக் கொள்கைகளில், கைவினைஞர் கேட்டால் பாதித் தொகையையாவது வட்டியில்லாமல் முன்பணமாகத் தரவேண்டும் என்பதும் உண்டு. பாட்டி கேட்கத் தெரியாமல் நின்றது அதைத்தான்.

நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில், 1993-ல் பழங்குடி மக்களுக்காக மருத்துவப் பணி தொடங்கிய டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியின் முயற்சியோடு வளர்ந்தது 'போர்கை' என்ற லம்பாடிப் பெண்களின் பூவேலை அமைப்பு. லம்பாடியும் தனி மொழிதான். அமைப்பின் பெயரே அந்த மொழிச் சொல், "பெருமை" என்று பொருள். மறந்துபோகவிருந்த தையல்களை முதிய பெண்களிடமிருந்து இளையவர்கள் கற்றார்கள். பெயரை அவர்கள் மொழியில் வைத்ததிலேயே பாதி மரியாதை வந்துவிடுகிறது.

நாங்களும் மாற்றிக்கொண்டோம். அட்டையில் மணிகளைத் தைத்து மாதிரி வைத்தோம். நீளத்துக்கு முடிச்சுப் போட்ட நூல். விலை 75 ரூபாய், பாதி முன்பணம். நாளைப் பாட்டியே சொல்லவேண்டும், பேத்தி தமிழில் சொல்வாள். "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டோம். "ஒன்று செய்து காட்டுங்கள்" என்றோம். அடுத்த முறை 100 மாலையும் சொன்ன நாளில் வந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மணி மட்டும் வேறு நிறம். ஏன் என்று கேட்டோம். பாட்டி சிரித்தார். பேத்தி சொன்னாள்: "அது பாட்டியோட கையெழுத்து." அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

1965-ல் லோகூர் குழு நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 57 ஆண்டுகள்! அந்த ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் ஆவடி குடியிருப்புக்கு வந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவரை அங்கே வரவழைத்தது துணிந்து பேசிய பள்ளி மாணவிகள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது, என் வகுப்பில் வாய் திறக்காமல் இருந்த அந்தச் சிறுமிதான் என் கண்முன் நின்றாள். இன்று அவளுக்கு நாற்பது வயது நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறாளோ.

ஆசிரியர்களாக இருக்கும் என் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை பேசாமல் இருந்தால், பதிவேட்டில் எழுதுவதற்கு முன், வீட்டில் என்ன பாஷை என்று கேளுங்கள். மற்றவர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை பாசிமணி வாங்கும்போது, விலை கேட்பதற்கு முன் "இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். கேட்கத்தான் நமக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.