கொழுந்திலிருந்து ஓர் எழுத்துரு

தமிழ் எழுத்துக்கும் இலைக்கும் உள்ள உறவு பழையது. பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியலாம். புள்ளி குத்தினால் துளை விழும். எழுத்துகள் வளைந்ததற்கும், ஏடுகளில் மெய்களுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படாததற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். பதுளைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்த நான், மாணவர் செயற்றிட்டத்துக்காகத் தேயிலையைப் பார்த்து ஓர் எழுத்துருவை வரைந்து வருகிறேன்.

பறிக்கும் கொழுந்து என்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும். மொட்டின் கூர்மையைக் கோடுகளின் முனைக்கும், இலையின் வளைவை ‘ல’, ‘வ’, ‘ள’ ஆகியவற்றின் சுழிக்கும் எடுத்தேன். இலை விளிம்பின் பற்களை எடுக்கவில்லை. சிறிய அளவில் அச்சிட்டால் அவை மை கசிந்ததுபோலத் தெரியும்.

தமிழ் எழுத்துகள் 247 என்றாலும் எல்லாவற்றையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. ‘கொ’ என்பது கொம்பு, க, அரவு மூன்றும் சேர்ந்து வருவது. ஆனால் ‘ழு’, ‘து’ போன்ற உகர, ஊகார வரிசைகளில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அந்த 36ஐயும் தனியே வரைய வேண்டும். இலங்கையரான தாரிக் அஸீஸ் வரைந்த ‘பவனம்’, ‘கவிவனார்’ ஆகியவை கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழகுவதற்கு அவை நல்ல பாடம்.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் பிழையான தமிழோடு பெயர்ப்பலகைகள் இன்றும் தொங்குகின்றன. அதனால் எனக்கு அழகு இரண்டாவதுதான். ‘ர’வும் அரவும், ‘ன’வும் ‘ண’வும் குழம்பாமல், லயத்தின் மங்கிய வெளிச்சத்தில் ஒரு பாட்டி மருந்து உறையை வாசிக்க வேண்டும். அதுவே இந்த எழுத்துருவுக்கான பரீட்சை.