ஸ்கோர் என்னடா?

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன அன்னிக்கு, மாங்காட்டு வீட்டில் மொபைலில் மேட்ச் போட்டுக் கொடுத்தேன். கண்ணில் கட்டு, காதால் மட்டும் கேட்டார். தமிழ் கமென்ட்ரிதான். ஜோக், சினிமா வசனம், பழைய கதை எல்லாம் வந்தது. ஆனால் ஓவருக்கு ஒரு தடவை என்னைக் கேட்டார்: "ஸ்கோர் என்னடா?"

அவர் சென்னை வானொலியின் தமிழ் நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்தவர். அப்துல் ஜப்பாரா, கூத்தபிரானா என்று வீட்டிலேயே இரண்டு கட்சி. பெரியப்பாவுக்குக் கூத்தபிரான்; சிறுவர் நிகழ்ச்சியில் 'வானொலி அண்ணா'வாகப் பழகிய குரல். அப்பா, ஜப்பார் கட்சி. ஆனால் இருவரும் மார்க் போட்டது ஒரே விஷயத்துக்கு: டீக்கடையில் பாதியில் வந்து நிற்பவனுக்கும் ஆட்டம் புரியணும்.

1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசிக்கு முந்தின பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. ஸ்கோர் 347, மேட்ச் டை. அந்த எண் தெரியாதவருக்கு அது வெறும் ஒரு விக்கெட்.

2023 ஐபிஎல் 12 மொழிகளில் ஆப்பில் வந்தது. எல்லாமே படம் பார்ப்பவர்களுக்கு. அதில் தப்பில்லை. ஆனால் பார்க்க முடியாதவருக்கு?

ஜப்பார் 2020 டிசம்பரில் காலமானார். அன்னிக்கு மொபைலை மியூட் பண்ணிட்டு நானே சொன்னேன். அப்பாவின் தீர்ப்பு: "குரல் சுமார். ஸ்கோர் சொல்றே, போதும்."