பிழையின் ஆவணமாகச் சோதனை நிரல்: வார்னிஷ் இடைச்சேமிப்பு வழங்கியின் சோதனைக் கருவி

முன்னுரை

ஒரே இணையப் பக்கத்தைப் பலர் கேட்கும்போது, ஒவ்வொரு முறையும் அதனைப் புதிதாக உருவாக்கித் தருவது மூல வழங்கிக்குப் பெருஞ்சுமையாகும். ஒருமுறை பெற்ற மறுமொழியைச் சேமித்து வைத்துப் பின்வருவோர்க்கு அளிப்பது, ‘கேஷ்’ எனப் பரவலாக அறியப்படும் இடைச்சேமிப்பு வழங்கியின் பணி. அவ்வகையைச் சார்ந்த வார்னிஷ் என்னும் திறமூல மென்பொருள், நார்வே நாளிதழான வெர்டன்ஸ் காங்கின் இணையப் பதிப்புக்காக உருவாக்கப்பட்டு 2006இல் வெளிவந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பௌல்-ஹென்னிங் காம்ப் இதன் முதன்மை வடிவமைப்பாளர். வார்னிஷுக்கென அவர் எழுதிய வார்னிஷ்டெஸ்ட் என்னும் சோதனைக் கருவி, அம்மென்பொருளின் பிழை வரலாற்றைக் காக்கும் ஆவணமாகவும் அமைந்தமையை இக்கட்டுரை விளக்குகிறது.

சோதனையின் சிக்கல்

இடைச்சேமிப்பு வழங்கியின் பிழை எளிதில் புலப்படுவதன்று. பயனருக்குச் சரியான பக்கம் கிடைத்தாலும், அது சேமிப்பிலிருந்து வந்ததா, மூல வழங்கியிடம் மீண்டும் பெறப்பட்டதா என்பதை அப்பக்கம் காட்டாது. காலாவதியான பக்கமும், ஒருவர்க்குரியதாக இருந்து மற்றொருவர்க்குச் சென்ற பக்கமும் முறையான மறுமொழிகளாகவே தோற்றமளிக்கும். ஆகவே பயனரின் பக்கம் மட்டும் நின்று சோதிப்பது போதாது. மேலும், பல பிழைகள் இரு கோரிக்கைகள் குறிப்பிட்ட வரிசையில் வரும்போது மட்டுமே எழுகின்றன.

கருவியின் அமைப்பு

2008இல் உருவான வார்னிஷ்டெஸ்ட், இச்சிக்கலுக்கு இரு முனைகளையும் தன்வசப்படுத்தித் தீர்வு கண்டது. ஒரு சிறிய ஸ்கிரிப்டில் பொய்யான மூல வழங்கி, உண்மையான வார்னிஷ், பொய்யான பயனர் ஆகிய மூன்றும் விவரிக்கப்படுகின்றன. சான்றாக, மூல வழங்கி ஒரேயொரு கோரிக்கைக்கு மட்டும் விடையளிக்குமாறு எழுதப்படுகிறது. பயனரோ ஒரே முகவரியை இருமுறை கேட்கிறார். இரண்டாம் விடை சேமிப்பிலிருந்தே வந்தாக வேண்டும். இல்லையெனில் சோதனை தோல்வியுறும். வார்னிஷின் உள் எண்ணியில் சேமிப்பிலிருந்து வழங்கிய எண்ணிக்கை 1 என இருப்பதையும் அதே ஸ்கிரிப்ட் சரிபார்க்கலாம். ஒரு செயல் முடியும்வரை மற்றொன்றைக் காத்திருக்கச் செய்யும் கட்டளைகளும் உள்ளமையால், நேரத்தைச் சார்ந்த பிழைகளையும் விரும்பியபோது நிகழ்த்திக் காட்ட இயலுகிறது.

பெயரிடும் மரபு

சோதனைக் கோப்புகளின் முதலெழுத்து அவற்றின் வகையைக் குறிக்கிறது. ‘பி’ அடிப்படைச் செயல்பாடு. ‘வி’ வார்னிஷின் அமைவு மொழியான விசிஎல். ‘ஆர்’ முன்னர் அறிவிக்கப்பட்ட பிழை. வரலாற்று நோக்கில் கருதத்தக்கது இறுதி வகையே. ‘ஆர்’ என்பதைத் தொடரும் ஐந்திலக்க எண், பிழை அறிக்கையின் எண்ணேயாகும். பிழை களையப்பட்ட பின்னரும் கோப்பு நீக்கப்படுவதில்லை; சோதனைத் தொகுப்பு இயங்கும்போதெல்லாம் பழைய பிழை மீளவில்லை என்பது மெய்ப்பிக்கப்படுகிறது. 2017 ஆகஸ்டில் விஎஸ்வி00001 என்னும் பாதுகாப்புக் குறைபாடு வெளியிடப்பட்டது. துண்டு துண்டாக அனுப்பப்படும் கோரிக்கையில் துண்டின் அளவு முறையற்றதாக இருப்பின், வார்னிஷ் நின்று மீண்டும் தொடங்கியது; சேமிப்பும் வெறுமையானது. அதற்குரிய சோதனை, பாதுகாப்பைக் குறிக்கும் ‘எஃப்’ வரிசையில் இடம்பெற்றுள்ளது.

கருவியின் பரவல்

சுமைப்பகிர்வு மென்பொருளான எச்ஏபிராக்ஸி, 2018இல் தன் சோதனைகளுக்கு இக்கருவியை ஏற்றது. பின்னர் இது விடெஸ்ட் என்னும் பெயரில் தனித் திட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மென்பொருளுக்கென எழுதப்பட்ட கருவி, இரு தரப்புக்கும் இடையில் நிற்கும் பிற மென்பொருளுக்கும் பொருந்தியது இதன் அடிப்படைக் கருத்தின் வலிமையைக் காட்டுகிறது.

முடிவுரை

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. எழுதுபவர் எதிர்பார்த்ததை மட்டுமே ஸ்கிரிப்ட் சரிபார்க்கும். பேரளவு கோரிக்கைகளை வழங்கி தாங்குமா என்பதை அது கூறாது. எனினும், பிழை அறிக்கை ஒரு நிகழ்வை விவரிப்பதோடு நிற்க, சோதனை நிரல் அந்நிகழ்வையே மீண்டும் நடத்திக் காட்டுகிறது. மென்பொருள் வரலாற்றை எழுத முற்படுவோர் வெளியீட்டு அறிவிப்புகளோடு சோதனைக் கோப்புகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரு மென்பொருள் எங்கெங்கு தவறியது என்பதை, இயக்கிப் பார்த்து உறுதிசெய்யத்தக்க வடிவில் அவையே தாங்கி நிற்கின்றன.